வெள்ளைத் தாள்கள் விரிந்த நாள்

என்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டே இதை வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒருவன் மண்கவ்வ வேண்டும் என்று ஒரு வருடம் கறுவிக்கொண்டு இருந்தேன். அவன் மண்கவ்வினான். அந்த நேரம் நான் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் என் வீட்டுக் குசினியில் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் கல்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களிடத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. காலையில் கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்து, மதியம் வீட்டில் பந்தி வைப்பார்கள். சாப்பிட்டுக் கிளம்புகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்ச விருட்சம், பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அதைத்தான் கல்வெட்டு என்போம். முப்பத்தோராம் நாளுக்குத் தயாராகாவிட்டால் அந்தப் புத்தகத்தை அச்சடித்தும் பயனில்லை, கொடுப்பதற்கு ஆட்கள் கூடியிருக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாண நகரத்தில் கல்வெட்டு அடிக்கும் பழைய அச்சகம் ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தேன். முதலாளி தெல்லிப்பழைக்காரர். ஈய எழுத்துக் கோர்த்துத் தொழில் பழகியவர். நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டுச் சொந்தங்கள் வட்சப்பில் படம் அனுப்பி அனுப்பி, எது யாருடைய செத்தவீட்டுப் படம் என்று தெரியாமல் குழம்பியபோது, இணையத்தில் ஒரு பக்கம் செய்து தரச்சொல்லி என்னை வேலைக்கு எடுத்தார். குடும்பத்துக்கு ஒரு இலக்கம் கொடுப்போம். அதைப் போட்டுவிட்டு, லண்டனில் இருக்கும் மகனும் பாரிசில் இருக்கும் மச்சாளும் கனடாவில் இருக்கும் பெறாமகனும் தங்கள் தங்கள் படங்களை ஏற்றலாம். அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதியவள் நான்.

எங்கள் சனம் படம் அனுப்புகிற விதம் தனி. ஒருவர் தன் படங்களைச் சுருக்கி ஒரு ஸிப் கோப்பாக்கித் தங்கைக்கு அனுப்புவார். தங்கை அதைப் பிரிக்காமல் தன் படங்களோடு சேர்த்து இன்னொரு ஸிப் ஆக்குவா. அது அண்ணையிடம் போய் இன்னொரு தரம் சுருங்கும். கடைசியில் எங்களிடம் வரும்போது பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் அப்படி வந்த ஒரு கோப்பு, படங்கள் வந்து சேரும் சேர்வரின் பாதி டிஸ்க்கை விழுங்கிவிட்டது. வந்தபோது பார்த்தால் கைக்கடக்கமான கோப்புதான், விரித்தபோதுதான் சுயரூபம் தெரிந்தது. இதைத் தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். படம் ஏற்றும் பக்கம் ஒன்று திறந்திருப்பதைப் பார்த்தால், விரித்தால் முடிவில்லாமல் விரிகிற சின்னக் கோப்பு ஒன்றை அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள்.

அதற்காக ஒரு தடுப்பு எழுதினேன். வாசலில் கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறாமல், விரிய விரிய எண்ணிக்கொண்டே வரும். எல்லை தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இரண்டு பைக்கு மேல் உள்ளே போகாது. நிறுத்திவிட்டு, படங்களைத் தனித்தனியாக ஏற்றச்சொல்லி மரியாதையாக ஒரு செய்தி காட்டும். ஐந்து வருடம் ஒரு நாளும் சேர்வர் படுக்கவில்லை.

பிறகு மருமகன் வந்தான். ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து அச்சகத்தைக் கவனிக்க முடியாமல் போக, ஒரே மகளும் மருமகனும் லண்டனில் இருந்து வந்து இறங்கினார்கள். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத மனம் வரவில்லை, மன்னிக்கவும். அங்கே ஏதோ பெரிய நிறுவனத்தில் கொம்பியூட்டர் வேலை என்று சொல்லிக்கொண்டான். என்ன வேலை என்று கேட்டால் ஒரு நாளும் நேர்ப்பதில் வராது. வந்த இரண்டாம் வாரமே என் மேசையை வாசல் பக்கம் தள்ளிவிட்டு, என் இடத்தில் தன் மேசையைப் போட்டான்.

ஒரு நாள் ஊரறிந்த பெரிய குடும்பம் ஒன்றின் படங்களை என் தடுப்பு நிறுத்திவிட்டது. நிறுத்த வேண்டிய கோப்புதான். அவர்கள் அவனுக்கு ஃபோன் எடுத்துக் கத்தியிருக்கிறார்கள். அவன் நேரே என் மேசைக்கு வந்தான். அச்சகத்தில் எட்டுப் பேர் நின்றார்கள்.

"வாசல்லை நிண்டு ஆக்களைத் திருப்பி அனுப்பத்தான் உமக்குச் சம்பளமோ? எவ்வளவு பெரிய இடம் எண்டு தெரியுமே அது?" என்றான்.

"விரியிற அளவைப் பாக்கிறதுக்குப் போட்டது அது. எடுத்தால் ஒரு நாளைக்கு டிஸ்க் நிரம்பி எல்லாம் படுத்திடும்" என்றேன்.

"லண்டனிலை நான் பாக்காத சிஸ்டமே? வாற கோப்பின்ரை சைஸுக்கு ஒரு அளவு போட்டாக் காணும். உதெல்லாம் உம்மை மாதிரி வீட்டிலை இருந்து படிச்ச ஆக்கள் பயத்திலை எழுதிறது. இண்டைக்கே எடும்."

வீட்டில் இருந்து படித்தவள்தான் நான். சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடம் கூட ஒழுங்காக நடக்கவில்லை, கம்பஸுக்கா போயிருப்பேன். அதை அவன் எட்டுப் பேருக்கு முன்னால் சொன்னபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. ஐயா அப்போது மூலையில் தன் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். இந்தப் பிள்ளை எழுதினதைத் தொடாதை என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு தன் வேலையைப் பார்த்தார். மருமகனிலும் பார்க்க அந்தக் குனிந்த தலைதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கலியாணம் முடித்த மூன்றாம் நாள் அவரும் மனைவியும் ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று இருந்தது. இடம்பெயர்ந்து போனபோது பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போன ஒரே படம். மழை ஈரம் ஊறி, பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவர் முகத்துக்கு ஒன்றும் இல்லை. மனைவியின் தலையும் முகமும் மட்டும் உச்சியிலிருந்து கழுத்துவரை வெள்ளையாகப் போய்விட்டது. அதைப் பெரிதாக ஸ்கான் பண்ணி, புள்ளி புள்ளியாக வெள்ளையை எடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். பூஞ்சணத்துக்குக் கீழே மங்கலாகத் தெரிந்ததை வைத்துப் பாதி, தன் நினைவை வைத்துப் பாதி. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் அவருக்குக் கண் தாங்காது. வீட்டில் சொல்லாமல் செய்தார். முடிந்த பிறகு காட்டுவாராம்.

தடுப்பை அன்றைக்கே எடுத்தேன். எடுத்தால் என்ன நடக்கும் என்று ஒரு கடிதம் எழுதி, அதன் அடியில் அவனிடம் கையெழுத்தும் வாங்கினேன். சிரித்துக்கொண்டுதான் போட்டான். அடுத்த மாதம் பேப்பரில் அவன் படம் வந்தது. கல்வெட்டுத் தொழிலை நவீனமாக்கிய பொறியியலாளர், இணையப் பக்கத்தை உருவாக்கியவர். என் கையால் எழுதிய பக்கம். நான் போய்க் கேட்டேன். "நீர் டைப் பண்ணினனீர், அவ்வளவுதானே" என்றான். அன்று மத்தியானம் என் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஐயா வாசல்வரை வந்தார். "குறை நினையாதை பிள்ளை" என்றார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இருந்து வேறு ஆட்களுக்கு வேலை செய்யத் தொடங்கினேன். வருமானத்துக்குக் குறையில்லை. ஆனால் இரவும் பகலும் அவன் முகம்தான். ஒரு கிழமை உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைப் படுக்க வைக்கக்கூடிய ஒரு கோப்பைச் செய்தும் வைத்தேன். கைபேசிப் படம் ஒன்றைவிடச் சிறியது. அவன் எப்போதாவது ஒரு விழாவில் நாலு பெரிய மனிதருக்கு முன்னால் பக்கத்தைத் திறந்து காட்டுவான், அந்த நேரம் பார்த்து ஏற்ற வேண்டும் என்று திட்டம். அவன் முகத்தில் கரி பூசப்படுவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். இரண்டு தரம் பக்கத்தைத் திறந்து, ஏற்றும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன். இரண்டு தரமும் மூடினேன். நல்ல மனதால் இல்லை. அது தானாக விழ வேண்டும், அவன் தடுப்பை எடுத்ததால் விழ வேண்டும், அப்போதுதான் எனக்கு ருசி. செய்த கோப்பை அழித்தேன். நான் எதையும் ஏற்றவில்லை, நான் சுத்தம் என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

நான் வேலையை விட்ட பத்தாம் மாதம் ஐயா இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தெல்லிப்பழை வீட்டுக்குப் போனேன். கோபம் என்றாலும் செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்கலாமா. அவர் மனைவியை அன்ரி என்று கூப்பிடுவேன். அச்சகத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று பனங்காய்ப் பணியாரம் கொண்டுவருகிறவர். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"என்ரை முகத்தைத் துப்பரவாக்கிப் போட்டார் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள்தான் சொன்னவர், முடிஞ்சுது எண்டு. காட்டேல்லை. எங்கடை கலியாண நாளுக்குக் காட்டுறன் எண்டவர்."

நான் தலையை ஆட்டினேன். முகம் எல்லாம் வெளியே வந்து, சேலைக் கரை மட்டும் மிச்சமாக இருந்தபோது நான் அதைப் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டு வருவதற்கு இரண்டு நாள் முதல் ஐயா என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார்.

"கல்வெட்டிலை முதல் பக்கத்திலை போடச் சொல்லிப்போட்டன்" என்றார் அன்ரி. "மருமேன் இப்பவே பிறிண்ட் எடுத்துத் தரட்டோ எண்டு கேட்டவர். வேண்டாம் எண்டன். அந்தியேட்டி அண்டைக்குப் புத்தகத்தைத் திறந்து பாக்கிறன். அந்த வயசிலை என்ரை முகம் என்ன மாதிரி எண்டு எனக்கே மறந்து போச்சு."

அந்தப் படம் சேர்வரில் ஐயா என்ற பெயரில் ஒரு கோப்புறையில் இருந்தது. வேறெங்கும் இல்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இருபத்தாறாம் நாள். காலை ஒன்பது பத்துக்கு என் ஃபோன் அடித்தது. அச்சகத்தின் இலக்கம். வேலையை விட்டு வந்த பிறகு ஒரு நாளும் அந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வந்ததில்லை. பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. ஐயாவின் கல்வெட்டு, ஏழு நாட்டுச் சொந்தம், எல்லோரும் படம் ஏற்றுகிற கடைசி நாள். விழுந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோசத்தை என்னென்று சொல்ல. ஃபோனை எடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஐந்து நிமிடத்தில் இரண்டாவது. பிறகு மருமகனின் கைபேசி. அடி, நல்லா அடி என்று வாய்விட்டே சொன்னேன். மீன்காரர் வந்தார், ஒரு கூறு ஓரா மீன் வாங்கினேன். செதிள் உரிக்கும்போது ஒரு அழைப்பு. மஞ்சளும் தூளும் பிரட்டும்போது இரண்டு அழைப்பு. கையைத் துடைத்துவிட்டுப் போய் எண்ணிக்கை பார்ப்பேன், திரும்பி வருவேன். பத்து இருபத்தைந்துக்கு வேறொரு இலக்கம் வந்தது. அன்ரியுடையது. அவனுடைய ஃபோனை எடுக்கவில்லை என்றதும் மாமியாரைக் கொண்டு எடுக்க வைக்கிறான், ஆளைப் பார் என்று இன்னும் ஆத்திரம் வந்தது. அதையும் எடுக்கவில்லை.

சோறும் பொரித்த மீனும் மாங்காய்ச் சம்பலும். ஆறுதலாக இருந்து சாப்பிட்டேன். ஒரு வருடமாக அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டிருக்க மாட்டேன். கை கழுவிவிட்டுப் பார்த்தால் பதினேழு. ஒன்றரைக்கு, பதினெட்டாவது அழைப்பைத் தேன் ஒழுகும் குரலில் எடுத்தேன்.

"ஒருக்கா வந்திட்டுப் போவீரே" என்றான். "சிஸ்டம் படுத்திட்டுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"வீட்டிலை இருந்து படிச்ச ஆள், எனக்கு விளங்குமோ தெரியாது. எண்டாலும் வாறன்" என்றேன்.

ஸ்கூட்டியில் போகும்போது வழியெல்லாம் என்னென்ன கேட்கலாம் என்று ஒத்திகை பார்த்தேன். கடிதத்தின் பிரதி கைப்பைக்குள் இருந்தது. அச்சகத்துக்குள் போனேன். அதே எட்டுப் பேர். என் பழைய இடத்தில் இருந்த அவன் கதிரையில் போய் உட்கார்ந்தேன், அவன் நின்றான்.

என்ன நடந்தது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கனடாவில் ஐயாவின் தம்பி குடும்பம் ஒரு அஞ்சலிக் கூட்டம் வைத்து, வந்தவர்களைத் தடித்த கொப்பி ஒன்றில் எழுத விட்டிருக்கிறது. நாற்பது பக்கத்தில் எழுத்து, மிச்சம் முன்னூறு பக்கம் வெறுமை. தம்பியின் மகன் அதைத் தன் வேலையிடத்து ஸ்கானரில் வைத்து, ஆகப் பெரிய அளவில், முழுக் கொப்பியையும் எடுத்துவிட்டான். வெறும் தாளையும் ஏன் எடுத்தாய் என்று பிறகு நான் அவனிடம் கேட்டேன். "அம்மா சொன்னவ அக்கா, பெரியப்பான்ரை கொப்பி, ஒரு தாளும் விடக்கூடாது எண்டு" என்றான். செத்தவரின் கொப்பியில் பக்கம் குறைவது குற்றமாம். வெள்ளைத் தாளைச் சுருக்குவது கணினிக்கு லேசு. இங்கிருந்து அங்குவரை வெள்ளை என்று ஒரு வரியில் எழுதி வைத்துவிடும். விரிக்கும்போது அந்த வெள்ளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் கொடுக்க வேண்டும். மருமகன் வாசலில் போட்ட அளவுக்குள் அடங்கி வந்த கோப்பு, உள்ளே முன்னூறு வெள்ளைத் தாளாக விரிந்து டிஸ்க்கை நிரப்பிவிட்டது.

"விரியிற அளவைப் பாக்கிறதுக்கு இதிலை ஒரு தடுப்பு இருந்தது. அதை ஆர் எடுக்கச் சொன்னது?" என்று கேட்டேன். அச்சு இயந்திரம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தேன்.

"நான்தான்" என்றான்.

"கேக்கேல்லை."

"நான்தான் எடுக்கச் சொன்னனான். என்ரை பிழை." முகம் வேர்த்து, கழுத்து வரை சிவந்திருந்தது. எட்டுப் பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நான் எதிர்பார்த்ததைவிட இனிமையாகவே இருந்தது.

பிறகு கனடாக் கோப்பை நிறுத்தி, வெள்ளைத் தாள்களை அழித்து, மற்ற நாட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் பத்திரம். கடைசியாக முதல் பக்கத்துப் படத்தை எடுக்கப் போனேன். ஐயா என்ற கோப்புறை இல்லை.

"ஐயான்ரை போல்டர் எங்கை?"

அவன் திருதிருவென்று விழித்தான். "டிஸ்க்கிலை இடமில்லை எண்டு காட்டினது. பழைய வேலையள் எண்டு, பதட்டத்திலை பேரைப் பாக்காமல் கொஞ்சத்தை அழிச்சனான்."

"எத்தினை மணிக்கு?"

"பதினொண்டே முக்கால் இருக்கும். அழிச்சுப்போட்டுத் திருப்பி ஓட விட்டனான். அது திருப்பியும் நிரம்பிட்டுது."

அழித்ததோடு நிறுத்தியிருந்தால் மீட்டிருப்பேன். அழித்த கோப்பு உடனே போய்விடாது, அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். அவன் திரும்ப ஓடவிட்டதால், காலியான இடத்தில் எல்லாம் வெள்ளைத் தாள்கள் எழுதப்பட்டுவிட்டன. சனிக்கிழமைகளில் நான் பிரதி எடுத்து வைத்த வெளி டிஸ்க்கைக் கேட்டேன். நான் போன பிறகு அதை அழித்துத் தன் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் ஏற்றி வைத்திருந்தான். இரண்டு நாள் வீட்டுக்கும் அச்சகத்துக்கும் ஓடி, எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் தேடினேன். தோண்டத் தோண்ட வெள்ளைதான் வந்தது.

நடந்ததை எல்லாம் நேரத்தோடு சேர்வர் குறித்து வைக்கிற லொக் முழுவதையும் அச்சடித்து எடுத்து வந்தேன். ஒன்பது இரண்டுக்கு டிஸ்க் நிரம்பியது. பதினொன்று நாற்பத்தாறுக்கு அவன் அழித்தான். இடையில் இரண்டு மணித்தியாலம் நாற்பத்து நாலு நிமிடம். அந்த நேரத்துக்குள் என் ஃபோனுக்கு வந்த அழைப்புகள் பதினொன்று. எதை எடுத்திருந்தாலும் நான் முதலில் சொல்லியிருக்கக்கூடிய வசனம் ஒன்றுதான். ஒண்டையும் தொடாதையுங்கோ, நான் வாறன்.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வந்தது. இரவு பகலாக நின்று பக்கம் கட்டிக் கொடுத்தேன், எழுத்துப் பிழை ஒன்றில்லை. முதல் பக்கத்தில் பழைய படத்தையே ஸ்கான் பண்ணிப் போட்டோம். ஐயா நல்ல வடிவாக, பட்டு வேட்டியோடு நின்றார். பக்கத்தில் சேலையும் கழுத்துக்கு மேல் வெள்ளைப் பூஞ்சணமும். நன்றி நவிலலில் என் பெயரும் இருந்தது. மருமகன் தானாகவே போட்டானாம்.

பந்தி முடிந்து சனம் கலைந்த பிறகு அன்ரி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். மடியில் புத்தகம் விரிந்திருந்தது.

"மருமேன் எல்லாம் சொன்னவர்" என்றார். "தன்ரை பிழைதான் எண்டு அழுதவர். உம்மைப் பற்றி நல்ல மாதிரித்தான் கதைச்சவர். நானும் அண்டைக்கு உமக்கு எடுத்தனான், கிடைக்கேல்லை. வேலையா இருந்திருப்பீர்."

"ஓம் அன்ரி" என்றேன். "வேலையா இருந்திட்டன்."

அவர் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு கேட்டார்.

"நீர் பாத்தனீர்தானே பிள்ளை. அவர் உமக்குக் காட்டினவராம். நான் எப்பிடி இருந்தன் அதிலை?"

சொன்னேன். பொட்டு கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஒரு பக்கத் தோடு தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆர் சிரிக்கப் பண்ணினது எண்டு நினைவிருக்கு, அந்தப் படக்காரன்தான் என்றார். இன்னும் சொல்லச் சொன்னார். நான் அந்தப் படத்தை ஒரு தரம், ஐந்து நிமிடம் பார்த்தவள். மூக்குத்தி இருந்ததா, தலையில் பூ எந்தப் பக்கம், ஒன்றும் நினைவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூக்குத்தி இருந்தது என்றேன். பூ வலப்பக்கம் என்றேன்.

மருமகன் இப்போதும் அச்சகத்தில்தான் இருக்கிறான். என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறான். அவன் மேல் கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை, குறைக்கிற எண்ணமும் இல்லை. பதினேழு அழைப்புகளைப் பற்றி அவனும் யாருக்கும் சொல்லவில்லை, வெட்கத்தில் சொல்லவில்லையோ என்னவோ. தெல்லிப்பழைக்கு மாதம் ஒரு தரம் போகிறேன். போகிற நேரமெல்லாம் அன்ரி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்பிடி இருந்தன் சொல்லும் என்று கேட்கிறார். போன முறை சொன்னதும் இந்த முறை சொல்வதும் மாறிவிடக்கூடாது என்று, அன்று சொன்ன முகத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வாசல் கேற்றுக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, அதை ஒரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.